சம்பளத்துக்குப் பதில் ஒரு சீட்டு! அமெரிக்கக் காலனிகளின் காகிதப் பணம் சொல்லும் கணக்கு



ஒரு நிமிஷம் கற்பனை பண்ணிப் பாருங்க. மாசக் கடைசி. 'சேலரி கிரெடிட்டட்' மெசேஜ் வரவே இல்லை. அதுக்குப் பதிலா ஆபீஸ்ல கூப்பிட்டு, "இப்போதைக்குக் காசு இல்லைங்க. இந்தச் சீட்டை வச்சுக்கோங்க. இதைக் கொடுத்து வரி கட்டலாம், கடையிலயும் வாங்கிப்பாங்க"ன்னு சொன்னா எப்படி இருக்கும்?

1690 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இதுதான் நடந்தது. போருக்குப் போய்த் திரும்பிய சிப்பாய்களுக்குக் கொடுக்க அரசிடம் காசு இல்லை. அச்சடித்த சீட்டைக் கொடுத்தார்கள். சீனாவில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே காகிதப் பணம் இருந்தது உண்மைதான். ஆனால் மேற்கத்திய உலகில் ஓர் அரசாங்கம் வெளியிட்ட ஆரம்பகாலக் காகிதப் பணங்களில் ஒன்று இந்தப் பாஸ்டன் சீட்டு.

அடுத்த 90 வருஷத்தில் அமெரிக்கக் காலனிகள் காகிதப் பணத்தை வைத்துப் பல சோதனைகளைச் செய்து பார்த்தன. ஒரே யோசனை, ஒரு காலனியில் அரை நூற்றாண்டு ஒழுங்காக ஓடியது. இன்னொரு காலனியில் மாதச் சம்பளம் வாங்கியவர்கள் வயிற்றில் அடித்தது. ஏன் அப்படி? இதுல சம்பளம் வாங்குற நமக்கு என்ன இருக்கு? வாங்க, பார்க்கலாம்.

நிலம் இருக்கு, காசு இல்லை

முதலில் பின்னணி. காலனிகளில் நிலம் இருந்தது, காடு இருந்தது, விளைச்சல் இருந்தது. நாணயம்தான் இல்லை. துணி, ஆணி, கண்ணாடி, துப்பாக்கி எல்லாம் இங்கிலாந்தில் இருந்து வர வேண்டும். கையில் வந்த வெள்ளி நாணயம் அடுத்த கப்பலிலேயே லண்டனுக்குப் போய்விடும். இங்கிலாந்தும் தன் நாணயங்களைக் காலனிகளுக்கு ஏற்றுமதி செய்ய விடவில்லை. புழக்கத்தில் இருந்ததில் பெரும்பகுதி ஸ்பானிஷ் வெள்ளி டாலர்கள்தான்.

காசு இல்லாத ஊரில் மக்கள் என்ன செய்வார்கள்? கிடைத்ததையெல்லாம் காசாக்குவார்கள். வர்ஜீனியாவில் புகையிலை பணமாக ஓடியது. நியூ இங்கிலாந்தில் மக்காச்சோளம், நீர்நாய்த் தோல், பூர்வகுடி மக்கள் சிப்பியில் செய்த 'வாம்பம்' மணிகள் எல்லாம் பணம். மாசசூசெட்ஸில் 1637 முதல் 1661 வரை வாம்பம் சட்டப்படியே செல்லும் பணமாக இருந்தது.

வரியைச் சோளமாகக் கட்டினால் அதைச் சுமக்க வண்டி வேண்டும், வைக்கக் கிடங்கு வேண்டும், எலி தின்னாமல் பார்க்க ஆள் வேண்டும். கொடுக்கிறவர் நல்ல சோளத்தை வீட்டில் வைத்துக்கொண்டு மட்டமானதைத்தான் கொடுப்பார். இது மனுஷ இயல்பு!

1690: சிப்பாய் கையில் கிடைத்த சீட்டு

1690-ல் மாசசூசெட்ஸ் காலனி, சர் வில்லியம் பிப்ஸ் தலைமையில் சுமார் 2,000 பேரைக் கனடாவின் கியூபெக் நகரைப் பிடிக்க அனுப்பியது. அது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர். ஜெயித்தால் கொள்ளைப் பொருளில் இருந்து சம்பளம் கொடுத்துவிடலாம் என்பது கணக்கு. வராத பணத்தை நம்பி இன்றைக்கே செலவு செய்வது அன்றைக்கும் இருந்திருக்கிறது பாருங்க!

படை தோற்றது. பெரியம்மை, கடுங்குளிர், கப்பல் சேதம் என்று அடிபட்டுத் திரும்பியது. சிப்பாய்கள் சம்பளம் கேட்டார்கள். கஜானா காலி. அரசு முதலில் 7,000 பவுண்டுக்குச் சீட்டு அச்சிட்டது. இதற்கு 'பில் ஆஃப் கிரெடிட்' என்று பெயர், அதாவது அரசின் கடன் சீட்டு. பின்னால் இந்த வரம்பு 40,000 பவுண்டாக உயர்ந்தது.

இந்தச் சீட்டைக் கொடுத்தால் அரசு தங்கமோ வெள்ளியோ தராது. ஆனால் வரி கட்டும்போது காசுக்குப் பதிலாக வாங்கிக்கொள்ளும். கொஞ்ச நாளில் இன்னொரு சலுகையும் வந்தது: சீட்டால் வரி கட்டினால் அதன் மதிப்பில் 5% கூடுதலாகக் கணக்கு வைத்துக்கொள்வார்கள்.

இங்கேதான் வேதனையான விஷயம். வரி கட்டும் காலம் நெருங்கியதும் சீட்டின் மதிப்பு ஏறியது. ஆனால் வாங்கிய சிப்பாய்க்கு அதுவரை காத்திருக்க வசதி இல்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! 20 ஷில்லிங் சீட்டை 12, 14 ஷில்லிங்குக்கு வந்த விலையில் தள்ளிவிட்டார்கள். காத்திருக்க முடிந்தவர் வாங்கி வைத்து, முழு மதிப்பையும் மேலே 5 சதவீதத்தையும் எடுத்துக்கொண்டார்.

சீட்டு ஒன்றுதான். அவசரத்தில் இருந்தவருக்கு நஷ்டம், கையில் கொஞ்சம் காசு வைத்திருந்தவருக்கு லாபம். எமர்ஜென்சி ஃபண்ட் ஏன் வேணும்னு கேக்குறவங்களுக்கு 330 வருஷத்துக்கு முந்தைய பதில் இது.

பென்சில்வேனியா: ஒழுங்காக ஓடிய ஈ.எம்.ஐ.

அடுத்த சில பத்தாண்டுகளில் காலனிகள் ஒவ்வொன்றாக இந்த வழிக்கு வந்தன. ஒவ்வொரு காலனிக்கும் தனித்தனிப் பவுண்டு, தனித்தனி மதிப்பு. இதில் பெயர் வாங்கியது பென்சில்வேனியா.

1723-ல் அங்கே வியாபாரம் படுத்திருந்தது. அந்த வருஷம்தான் 17 வயது பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பிழைப்பு தேடி ஃபிலடெல்பியா வந்து இறங்கினார். தெருவில் வீட்டுக்கு வீடு 'வாடகைக்கு விடப்படும்' என்று சீட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்து, ஊரையே காலி பண்ணிக்கொண்டு போகிறார்களோ என்று நினைத்ததாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அரசு 'ஜெனரல் லோன் ஆபீஸ்' என்று ஒன்றைத் திறந்தது. அந்த வருஷம் மொத்தம் 45,000 பவுண்டுக்குச் சீட்டு அச்சிட்டது. ஆனால் அதில் பெரும்பகுதியைச் செலவு செய்யவில்லை, கடனாகக் கொடுத்தது. விதிமுறைகளைப் பாருங்க:

- நிலத்தை அடமானம் வைக்க வேண்டும். நிலத்தின் மதிப்பில் பாதி வரைதான் கடன்.
- ஒரு ஆளுக்கு அதிகபட்சம் 100 பவுண்டு. பெரிய ஆட்களே மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போகக் கூடாது.
- வட்டி 5%.
- 8 வருஷத் தவணை. வருஷா வருஷம் அசலில் எட்டில் ஒரு பங்கு, கூடவே வட்டி.

நம்ம ஹோம் லோன் மாதிரியே இருக்கா? ஒரு வித்தியாசம் உண்டு. இன்றைக்கு வங்கிகள் வீட்டு மதிப்பில் 80, 90 சதவீதம் வரைகூடக் கடன் தருகின்றன. அவர்கள் 50 சதவீதத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

இந்த ஏற்பாட்டின் அழகு என்னவென்றால், வெளியே போன ஒவ்வொரு சீட்டுக்கும் திரும்பி வரும் வழி முதலிலேயே போட்டு வைத்தாயிற்று. விவசாயி கடன் வாங்கி மாடும் விதையும் வாங்குகிறார். சீட்டு ஊருக்குள் சுற்றுகிறது. தவணை கட்ட அவருக்கு அதே சீட்டு வேண்டும். அதனால் சந்தையில் சீட்டுக்கு எப்போதும் கிராக்கி இருந்தது. திரும்பி வந்து ரத்தான சீட்டுகளை எரித்தார்கள்.

வந்த வட்டி அரசின் அன்றாடச் செலவில் பெரும்பகுதியைத் தாங்கியது. மதிப்பும் தாங்கியதா? 1723-ல் 100 இங்கிலாந்துப் பவுண்டு வாங்கச் சுமார் 140 பென்சில்வேனியா பவுண்டு வேண்டும். 50 வருஷம் கழித்து, 1774-ல் சுமார் 170. அவ்வளவுதான் சரிவு! பென்சில்வேனியா மற்றக் காலனிகளைவிட நிதானமாகச் சீட்டு வெளியிட்டதை ஆடம் ஸ்மித்தே தன் 'வெல்த் ஆஃப் நேஷன்ஸ்' நூலில் பாராட்டியிருக்கிறார்.

ஃபிராங்க்ளினுக்கு இதில் என்ன லாபம்?

1729-ல் இன்னும் சீட்டு அச்சிடலாமா என்று விவாதம் வந்தது. பணக்காரர்கள் எதிர்த்தார்கள். 23 வயது ஃபிராங்க்ளின் காகிதப் பணத்தை ஆதரித்து ஒரு சிறு நூல் எழுதினார். தீர்மானம் நிறைவேறியது. பிறகு அந்தப் பணத்தை அச்சடிக்கும் வேலை யாருக்குக் கிடைத்தது? ஃபிராங்க்ளினுக்கே! அது நல்ல வருமானம் தந்ததை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

வேலையையும் சுத்தமாகச் செய்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். கள்ள நோட்டைத் தடுக்க நிஜ இலையின் நரம்புகளை அச்சு எடுத்து நோட்டில் பதித்தார். இரண்டு இலை ஒரே மாதிரி இருக்காதே! தாளில் மைக்கா துகளும் நீல நூலும் கலந்தார். 'கள்ள நோட்டு அடித்தால் மரணம்' என்று நோட்டிலேயே அச்சிட்டார்.

அவர் சொன்ன யோசனை பென்சில்வேனியாவில் பலித்தது. இருந்தாலும் ஒரு பழக்கம் நமக்கு வேணும். யார் எந்த முதலீட்டைப் பரிந்துரை பண்ணினாலும், 'இதுல இவருக்கு என்ன வருது?'ன்னு ஒரு தடவை கேட்டுக்கணும். யூடியூபர்களுக்கும் இது பொருந்தும், எங்களையும் சேர்த்துத்தான்!

மாசசூசெட்ஸ்: 'வெறும் 5 சதவீதம்'

இப்போது முதலில் சீட்டு அடித்த மாசசூசெட்ஸுக்கு வருவோம். ஆரம்பத்தில் அங்கேயும் எல்லாம் சரியாகத்தான் போனது. ஆனால் பிரான்சோடு போர் மேல் போர். ஒவ்வொரு போருக்கும் புதுச் சீட்டு. 'இந்தச் சீட்டை இத்தனை வருஷத்தில் வரியாக வசூலித்துத் திரும்ப எடுத்துவிடுவோம்' என்று சட்டத்தில் எழுதுவார்கள். வசூல் வருஷம் வந்ததும், மக்களுக்குக் கஷ்டம் என்று தள்ளிப் போடுவார்கள். கிரெடிட் கார்டில் மினிமம் டியூ மட்டும் கட்டுவது போலத்தான்.

பக்கத்திலேயே ரோட் ஐலண்டு. சின்னக் காலனி, ஆனால் சீட்டு அடிப்பதில் கை தாராளம். நியூ இங்கிலாந்தில் ஒரு காலனியின் சீட்டு இன்னொன்றில் சகஜமாகச் செல்லும். அதனால் ரோட் ஐலண்டு அடித்த சீட்டின் பாரத்தை மாசசூசெட்ஸ்காரரும் சேர்த்துச் சுமந்தார்.

விளைவு? 1710 வாக்கில் ஒரு அவுன்ஸ் வெள்ளி வாங்கச் சுமார் 8 ஷில்லிங் சீட்டு போதும். 1749-ல் அதே அவுன்ஸுக்கு 60 ஷில்லிங். கிட்டத்தட்ட ஏழரை மடங்கு!

இதை ஆண்டுச் சராசரியாகக் கணக்குப் போட்டால் எவ்வளவு வரும்? 20, 30 சதவீதம் என்று தோன்றும். இல்லை, சுமார் 5 சதவீதம்தான்!

ஆமாங்க, நாம செய்தியில கேட்டுட்டு 'சரி, 5 சதவீதம்தானே'ன்னு அடுத்த வேலையைப் பார்க்குற அதே எண். போர் வந்த 1740-களில் வேகம் கூடியது. மற்ற வருஷங்களில் சத்தமே இல்லாமல் மெதுவாக அரித்தது. 40 வருஷம் என்பது ஒருத்தருடைய மொத்த வேலைக்காலம். அந்த நேரத்தில் 5% என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள்?

கடன் வாங்கி நிலம் வாங்கியவருக்குக் கொண்டாட்டம். அன்றைய நல்ல காசில் வாங்கிய கடனை, மதிப்பு தேய்ந்த சீட்டில் அடைத்துவிட்டார். வியாபாரிக்கும் பெரிய கவலை இல்லை, விலையை ஏற்றிக்கொள்வார்.

மாட்டிக்கொண்டது நிலையான தொகை வாங்கியவர்கள். ஊர்ச் சபை சம்பளம் கொடுத்த பாதிரியார்கள், பள்ளி ஆசிரியர்கள், வட்டிப் பணத்தை நம்பியிருந்த விதவைகள், அநாதைப் பிள்ளைகள்.

ஒரு கணக்குப் போடலாம். உதாரணத்துக்கு, வருஷம் 100 பவுண்டு, அதாவது 2,000 ஷில்லிங் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். 1710-ல் அதற்கு 250 அவுன்ஸ் வெள்ளி வாங்கலாம். 1749-லும் அதே 100 பவுண்டு என்றால் 33 அவுன்ஸ். சம்பளத்தை யாரும் குறைக்கவில்லை. ஆனால் எட்டில் ஏழு பங்கு போயே போய்விட்டது!

பாதிரியார்கள் ஊர்ச் சபையிடம் போய், விலைவாசி ஏறிவிட்டது, கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. சபை சேர்த்துக் கொடுக்கும், ஆனால் விலை ஏறிய பிறகுதான், அதுவும் ஏறிய அளவுக்குக் கொடுக்காது. நம்ம அப்ரைசல் மீட்டிங் ஞாபகம் வருதா?

217 பெட்டி வெள்ளி

1745-ல் மாசசூசெட்ஸ் படை பிரெஞ்சுக்காரர்களின் லூயிஸ்பர்க் கோட்டையைப் பிடித்தது. அந்தச் செலவுக்காக இங்கிலாந்து 1,83,649 பவுண்டு ஈடு கொடுத்தது. 1749-ல் அது 217 பெட்டி ஸ்பானிஷ் வெள்ளியாகவும் 100 பீப்பாய் செப்புக் காசாகவும் கப்பலில் பாஸ்டன் வந்து இறங்கியது.

சட்டமன்ற சபாநாயகர் தாமஸ் ஹட்சின்சன் இந்த வெள்ளியை வைத்துப் பழைய சீட்டையெல்லாம் ஒரேயடியாக வாங்கி ஒழிக்கத் திட்டம் போட்டிருந்தார். ஒரு வெள்ளி டாலருக்கு 45 ஷில்லிங் சீட்டு. 1750-ல் மாசசூசெட்ஸ் மறுபடி வெள்ளிக்கு வந்தது. கடன்காரர்களுக்கு ஏகக் கோபம். 1749 தேர்தலில் ஹட்சின்சன் தோற்றுப் போனார்! கசப்பு மருந்து கொடுத்த வைத்தியருக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்?

1751-ல் நியூ இங்கிலாந்துக்கும், 1764-ல் மற்றக் காலனிகளுக்கும் காகிதப் பணத்தைக் கட்டுப்படுத்தி லண்டன் சட்டம் போட்டது. ஒழுங்காக நடத்திய பென்சில்வேனியாவும் அதில் மாட்டியது. காலனி மக்களுக்கு இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் மேல் மரியாதை குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று 1766-ல் ஃபிராங்க்ளின் அந்த நாடாளுமன்றத்திலேயே சொன்னார்.

கான்டினென்டல்: திரும்பி வர வழியே இல்லாத பணம்

1775-ல் சுதந்திரப் போர் தொடங்கியது. காலனிகளின் பொதுச் சபையான காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. ஆனால் படைக்குச் சோறு போட வேண்டும். 20 லட்சம் டாலரில் அச்சடிக்க ஆரம்பித்து, 1779 முடிவதற்குள் 20 கோடியைத் தாண்டியது. இதுதான் 'கான்டினென்டல்' டாலர். போதாதென்று பிரிட்டிஷார் வேறு கள்ள நோட்டு அடித்துப் பரப்பினார்கள்.

பென்சில்வேனியா சீட்டைத் திரும்ப வாங்க ஈ.எம்.ஐ. இருந்தது. பாஸ்டன் சீட்டுக்கு, தாமதமானாலும், வரி இருந்தது. கான்டினென்டலுக்குத் திரும்பி வரும் உறுதியான வழி எதுவுமே இல்லை. 1780-ல் காங்கிரஸே 40 கான்டினென்டலுக்கு 1 வெள்ளி டாலர் என்று ஒத்துக்கொண்டது. 1781-ல் வாங்க ஆளே இல்லை. உதவாத பொருளைக் 'கான்டினென்டல் அளவுக்குக்கூடப் பெறாது' என்று சொல்வது பழமொழி ஆகிவிட்டது. கடைசியில் 1790-ல் வந்த சட்டம் 100 டாலருக்கு 1 டாலர் என்று கணக்கைத் தீர்த்தது.

1780: சோளமும் தோலும் வைத்துச் சம்பளம்

இந்த இடத்தில் மறுபடி மாசசூசெட்ஸ் சிப்பாய்கள் வருகிறார்கள். காலனி இப்போது மாநிலம் ஆகிவிட்டது. தேய்ந்த காகிதத்தில் சம்பளம் வாங்கி நொந்துபோன படை. அவர்கள் இழந்ததை எப்படி ஈடுகட்டுவது?

1780-ல் மாநில அரசு அவர்களுக்கு ஒரு புதுவிதப் பத்திரம் கொடுத்தது. முகமதிப்புக்குப் பக்கத்தில் ஒரு பொருள் பட்டியல்: 5 புஷல் மக்காச்சோளம், 68 பவுண்டும் ஏழில் நான்கு பங்கும் மாட்டிறைச்சி, 10 பவுண்டு ஆட்டுக் கம்பளி, 16 பவுண்டு செருப்புத் தோல். பத்திரம் கொடுத்த அன்று இவற்றின் மொத்த விலை 130 பவுண்டு பணம். 1777-ல் சட்டம் நிர்ணயித்த விலையைப் போல முப்பத்திரண்டரை மடங்கு!

பணம் திருப்பித் தரும் நாளில் இதே பொருள்களின் விலை ஏறியிருந்தால், அதே விகிதத்தில் கூடுதலாகக் கொடுப்போம். இறங்கியிருந்தால் குறைத்துக் கொடுப்போம். வட்டி 6%, அதற்கும் இதே கணக்கு.

சோறு, கறி, துணி, செருப்பு. ஒரு சிப்பாய்க்குத் தேவையானது அவ்வளவுதான். விலைவாசியோடு கட்டிப்போட்ட கடன் பத்திரத்தின் முன்னோடி இது. அமெரிக்க மத்திய அரசு இதே யோசனையை 'டிப்ஸ்' என்ற பெயரில் கொண்டுவந்தது 1997-ல்தான். நம்ம ஊரில் அரசு ஊழியர்களின் டி.ஏ. விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து வருஷத்துக்கு இரண்டு முறை மாறுவதும் இதே தத்துவம்தான்.

நமக்கு என்ன கணக்கு?

1. இன்க்ரிமென்ட்டை விலைவாசியோட வச்சுப் பாருங்க. விலைவாசி 5% ஏறி, இன்க்ரிமென்ட்டும் 5% என்றால் சம்பளம் ஏறவில்லை, நின்ற இடத்தில் நிற்கிறது. 3% கிடைத்தால் குறைந்திருக்கிறது. தனியார் கம்பெனியில் பெரும்பாலும் டி.ஏ. கிடையாது. கேட்டு வாங்க வேண்டியது நாமதான். கேக்கும்போது இந்தக் கணக்கோட போங்க.

2. 'பாதுகாப்பு' என்ற வார்த்தையைச் சரியாப் புரிஞ்சுக்கோங்க. ஒரு எஃப்.டி. 7% தருகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 30% வரி வரம்பில் இருந்தால் கையில் நிற்பது 4.9%. விலைவாசி 5% என்றால் அசல் பத்திரம், மதிப்பு நஷ்டம். அவசரப் பணத்துக்கு எஃப்.டி. நல்லது. 25 வருஷம் கழித்து வரும் ஓய்வுக்காலத்துக்கு அது மட்டும் போதாது.

3. கடன்ல லாபம் உண்டு, கட்ட முடிஞ்சா மட்டும். நிலையான வட்டிக் கடனைப் பணவீக்கம் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் உங்கள் சம்பளமும் ஏறினால்தான் அது உதவும். பென்சில்வேனியாவின் பாதி மதிப்பு விதியை மனதில் வையுங்கள்.

4. மூணு முதல் ஆறு மாசச் செலவைத் தனியா எடுத்து வைங்க. 20 ஷில்லிங் சீட்டை 12-க்கு விற்ற சிப்பாய் முட்டாள் இல்லை. அவருக்குக் காத்திருக்க வழி இல்லை. சந்தை விழுந்த மாசத்தில் மியூச்சுவல் ஃபண்டை உடைப்பதும், பி.எஃப். பணத்தை எடுப்பதும் அதே கதைதான்.

5. பெரிய வாக்குறுதி வந்தா, 'பணம் எங்கிருந்து திரும்ப வரும்?'னு கேளுங்க. இலை அச்சு, நல்ல தாள், மரண தண்டனை மிரட்டல் எல்லாம் கள்ள நோட்டைத்தான் தடுக்கும். மதிப்பைக் காப்பாற்றியது திரும்பி வரும் வழிதான். தவணை, வரி, வருமானம் என்று எதுவுமே பின்னால் இல்லாத திட்டம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கான்டினென்டல்தான்.

இந்த வாரம் ஒரு வேலை செய்ங்க. அந்த 1780 பத்திரம் மாதிரி உங்க வீட்டுக்கு ஒரு பட்டியல் போடுங்க: அரிசி, பால், வாடகை, பெட்ரோல், ஸ்கூல் ஃபீஸ். மூணு வருஷம் முன்னாடி இதுக்கு எவ்வளவு ஆச்சு, இப்ப எவ்வளவு ஆகுது? பழைய பில்லும் யு.பி.ஐ. ஹிஸ்டரியும் இருந்தா அரை மணி நேர வேலை. அந்தச் சதவீதத்தையும் அதே மூணு வருஷத்துல உங்க சம்பளம் ஏறின சதவீதத்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. எது பெருசா இருக்குன்னு கமென்ட்ல சொல்லுங்க. உங்க பதில்களை வச்சு நம்ம சேனல்ல ஒரு வீடியோவில் பேசுவோம்.